அக்கா அழித்த பதில்

அழிப்பதற்கு மூன்று நொடிகூட ஆகவில்லை. போனில் அந்தப் பதில்மேல் விரலை வைத்து அழுத்தினாள், குப்பைத்தொட்டிப் படம் வந்தது, 'எல்லோருக்கும் அழி' என்பதைத் தொட்டாள். போயே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் என்ன செய்தோம் என்று யோசித்தாள். கெட்ட காரியம் என்றால் கை முந்திக்கொள்கிறது, யோசனை சாவகாசமாகப் பின்னால் வருகிறது.

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் மெக்கானிக். ஆறு வாஷிங் மெஷின், நாலு டிரையர், விரிப்புகளை நீட்டித் தேய்க்கிற ரோலர் ஒன்று. வீட்டு மெஷின் மாதிரி நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொன்றிலும் அறுபது கிலோ துணியைத் திணிக்கலாம், ரிப்பேர் என்றால் இவளே உள்ளே ஏறி உட்கார்ந்துகொள்வாள். இருபத்திரண்டு வருஷமாக அவற்றின் வயிற்றைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஊருக்கு ஒருத்தர், ரெண்டு பேர்தான். கோளாறு என்றால் பக்கத்தில் கேட்க ஆள் கிடையாது. அதனால் பதினொரு வருஷத்துக்கு முன்னால் இணையத்தில் ஒரு மன்றம் தொடங்கினாள். ஒரு கோளாறுக்கு ஒரு பக்கம். மேலே கேள்வி, கீழே பதில்கள், அவற்றுக்கு மறுப்புகள். மூன்று வருஷம் கழித்து எவனாவது வந்து, "நான் செஞ்சு பார்த்தேன், ரெண்டாவது வழி வேலைக்கு ஆகாது" என்று எழுதினால் அதுவும் அதே பக்கத்தில் போய் உட்காரும். கேட்பதற்கு முன் தேடு என்பது முதல் விதி. தப்பான பதிலை அழிக்காதே, அதன்மேல் கோடு போட்டுவிட்டுக் கீழே சரியானதை எழுது என்பது ரெண்டாவது விதி. ரெண்டும் அவளே வைத்தவை. அந்த ரெண்டாவது விதிக்காக எத்தனை பேரிடம் வாய் கிழியச் சண்டை போட்டிருக்கிறாள்!

அந்த மன்றத்தை ரெண்டு வருஷத்துக்கு முன் இழுத்து மூடியதும் அவள்தான். ஊருக்குச் சொன்ன காரணங்கள் நியாயமானவை. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று ஆள் மாற்றி ஆள் உயிரை எடுத்தார்கள். குப்பை விளம்பரங்களைக் கூட்டித் தள்ளியே அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள் போயின. "எல்லாரும் போன்லதானே கிடக்கறோம், ஒரு குரூப் போட்டுட்டா முடிஞ்சுதுக்கா" என்றார்கள். போட்டாள். 'மன்றம் குடும்பம்' என்று பெயர் வைத்தாள். இருநூற்றுப் பத்துப் பேர் சேர்ந்தார்கள்.

சொல்லாத காரணம் ஒன்று உண்டு. மன்றத்தில் அவள் ஒரு பதில் எழுதினால் நாலு நாள் கழித்து எவனோ வந்து, "அக்கா சொன்னதில் மூன்றாவது வரி தப்பு" என்று படத்தோடு நிரூபிப்பான். குரூப்பில் அந்த வம்பு இல்லை. நாலு நாள் முந்திய பதிலைத் தேடி எடுக்கவே ஆளில்லை, பிறகு எங்கே தப்பு சொல்வது? அவள் ஒரு வரி போட்டால் அரை நிமிஷத்தில் இருபது கட்டைவிரல் உயரும். "அக்கான்னா அக்காதான்" என்பார்கள். உச்சி குளிர்ந்துபோகும். மனுஷிதானே.

செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். காலை பத்து மணி. மூன்றாம் நம்பர் மெஷினின் பெல்ட்டை மாற்றிக்கொண்டிருந்தாள், கையெல்லாம் கிரீஸ். குரூப்பில் அன்றைக்கு யாருக்கோ பிறந்த நாள். கேக் படங்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு விடுதியின் சலவைக்காரர் குரலில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவருக்கு எழுதுவது என்றால் வேப்பங்காய். எல்லாமே குரல்தான், ஒவ்வொன்றும் ரெண்டு நிமிஷம், பாதி இருமல். இவள் போனைக் காதில் வைத்துக் கேட்டாள். சோப்புத் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று பஸ்ஸர் ஓயாமல் அடிக்கிறதாம், டப்பா நிறையத்தான் இருக்கிறதாம், பஸ்ஸர் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா என்று கேட்டிருந்தார். சுண்டுவிரலால் பதில் அடித்தாள்:

"தாராளமா கழட்டி விட்டுட்டு ஓட்டுங்க. புது பார்ட் வர்ற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. நானே ஆறு மாசம் அப்படித்தான் ஓட்டினேன்."

எந்தக் கேள்விக்குப் பதில் என்று அதில் இல்லை. கேள்வியை இழுத்துப் பிடித்துப் பதில் எழுத வழி இருக்கிறது. கிரீஸ் கையோடு யார் அதையெல்லாம் செய்வார்கள்?

குரல் கேள்விக்கு நேர் மேலே, எழுத்தில், இன்னொரு கேள்வி இருந்தது. வேறோர் ஊரில் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிற பையன் கேட்டது. பையன் என்றால் முப்பது வயது, கல்யாணமானவன். குரூப்பில் அவனுக்கு ஹோட்டல் தம்பி என்று பெயர். "கதவு லாக் அடிக்கடி மாட்டிக்குது. பார்ட் வர ஒரு வாரம் ஆகும். லாக்கைக் கழட்டிட்டு ஒயரை நேரா முடிச்சு ஓட்டலாமா?" அவன் நின்ற இடத்தில் நாலு மெஷின் ஓடுகிற சத்தம். நடுவில் கிடந்த குரல் செய்தியை அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காதில் விழுந்திராது. அவன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தன் கேள்வியும், கொஞ்சம் கேக்கும், அக்காவின் பதிலும்தான்.

ஒரு மணி நேரம் கழித்து அவன் எழுதினான்: "நன்றி அக்கா. செஞ்சுட்டேன், சூப்பரா ஓடுது."

அவள் டீ குடித்துக்கொண்டே அதைப் பார்த்தாள். யார், எதற்கு நன்றி சொல்கிறான் என்று யோசிக்கவில்லை. ஒரு நாளைக்கு முப்பது நன்றி வருகிறது, எதை என்று யோசிப்பது? கட்டைவிரலைத் தட்டிவிட்டு டீயைக் குடித்து முடித்தாள்.

இந்த மெஷின்களில் கதவு லாக் என்பது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. உள்ளே டிரம் முழுக்க நின்ற பிறகுதான் லாக் விடும். அது இல்லையென்றால், பிழிகிற வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்துவிடலாம். மன்றத்தில் இதற்கென்றே ஒரு பக்கம் இருந்தது, எல்லாப் பக்கத்துக்கும் மேலே, சிவப்பு எழுத்தில். முதல் பதிவே அவளுடையதுதான். லாக்கைத் தவிர்த்து ஒரு நிமிஷம்கூட ஓட்டாதே, மெஷினை நிறுத்தி வை, மேலிடத்தில் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று எழுதியிருந்தாள். கீழே எழுபது பேர், தாங்கள் கண்ணால் பார்த்ததை எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தைப் படித்தவன் எவனும் லாக்கில் கை வைத்திருக்க மாட்டான்.

புதன்கிழமை மதியம் ஹோட்டல் தம்பி எழுதினான்: "அக்கா, நீங்க சொன்ன மாதிரி லாக்கைக் கழட்டிட்டுத்தான் ஓட்டினேன். காலைல ஆபரேட்டரம்மா கதவைத் திறந்து கை விட்டுட்டாங்க. ஈரத் துணி கையைச் சுத்தி இழுத்துடுச்சு. முழங்கைக்குக் கீழ ரெண்டு இடத்துல எலும்பு முறிஞ்சிருக்கு. என்னை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. இப்ப நான் என்னக்கா செய்யறது?"

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நான் எப்போது சொன்னேன்? மேலே தள்ளித் தள்ளிப் போனாள். பூங்கொத்து, பனித்துளி, காலை வணக்கம், யாரோ விற்கிற பழைய மோட்டார், கேக், கேக், கேக். கடைசியில் அகப்பட்டது. அவன் கேள்வி, ஒரு குரல் செய்தி, அவள் பதில். அவன் இடத்தில் இருந்து படித்துப் பார்த்தாள். அந்தப் பதில் அச்சு அசலாக அவனுக்குச் சொன்ன மாதிரியே நின்றது.

அப்போதுதான் அழித்தாள். நினைத்து அழிக்கவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே நூறு தடவை சொல்லிப் பார்த்தாள். ஆனால் அழித்த கையோடு, 'சூப்பரா ஓடுது'க்குக் கீழே தன் கட்டைவிரல் நிற்பது ஞாபகம் வந்தது. திரும்பத் தேடிப் போய் அதையும் எடுத்தாள். ரெண்டாவது நினைக்காமல் நடந்தது இல்லை.

அதற்குள் குரூப் கொதித்துக்கொண்டிருந்தது.

"அக்கா எங்க தம்பி அப்படிச் சொன்னாங்க?"

"லாக்கைக் கழட்டச் சொல்றவங்களா அக்கா? வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க."

"செஞ்சது நீ, பழி அக்கா மேலயா?"

"மேல பாருங்க, இருக்கு" என்று அவன் எழுதினான். போய்ப் பார்த்தார்கள், இல்லை. ஒரு நாளைக்கு இருபது செய்தி அழிபடுகிற இடத்தில், 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்ற சாம்பல் வரி யார் கண்ணையும் உறுத்தவில்லை. "ஆதாரம் காட்டு" என்று ஒருத்தர் எழுத, முப்பது பேர் அதற்குக் கட்டைவிரல் தூக்கினார்கள். அவன் அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை.

உண்மை தெரிந்த இன்னொரு ஆள், குரலில் கேள்வி கேட்ட விடுதிக்காரர். பாவம், அவர் சும்மா இருக்கவில்லை. மூன்று நிமிஷத்துக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார். "அந்தப் பதில் எனக்குச் சொன்னதுங்க, பஸ்ஸருக்கு... அந்தத் தம்பி தனக்குன்னு நெனைச்சிருக்கும், சண்டை போடாதீங்க..." இருமல், இடையில் மோட்டார் சத்தம். யாரும் கேட்கவில்லை. கேட்டது அவள் ஒருத்திதான்.

ஐந்து மணிக்கு குரூப்பின் இன்னொரு அட்மின், "அக்காவை அவமதிக்கிறவர்களுக்குக் குடும்பத்தில் இடமில்லை" என்று போட்டுவிட்டு ஹோட்டல் தம்பியை நீக்கினார். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடந்திருக்காது. போன் அவள் கையில்தான் இருந்தது. மென்று விழுங்கிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. வேலைக்குப் போனாள், வந்தாள். மெஷின் கதவு ஒவ்வொன்றையும் திறக்கும்போது லாக் 'டக்' என்று விடுகிற சத்தம் அவளை அறைந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதோடு ஒரு கேவலமான நிம்மதியும் இருந்தது, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. யாருக்கும் தெரியாது என்ற நிம்மதி.

சனிக்கிழமை வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் ஒரு பல் டாக்டருக்குப் பல் செட்டுகள் செய்து கொடுக்கிறவர். வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் ஒரு பாதிப் பல் செட்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். அரத்தைக் கீழே வைக்கவில்லை.

"நீ அவனுக்குச் சொல்லலைதானே?" என்றார்.

"சொல்லலை."

"அப்ப அதையே அங்க சொல்லியிருக்கலாமே. அது உனக்கில்லை, அவருக்குச் சொன்னேன்னு. எல்லாம் அப்படியே இருந்திருந்தா அதுவே உனக்கு சாட்சி. நீதான் துடைச்சு வெச்சிருக்கே."

"கட்டைவிரல் போட்டிருந்தேன்."

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "அது உன் தப்புதான்" என்றார். திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. மறுபடி ராவ ஆரம்பித்தார். அவர் திட்டியிருந்தால் இவளுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

ஞாயிறு மதியம் குரூப்பில் எழுதினாள். ஒன்றையும் மறைக்கவில்லை. பதில் யாருக்கு எழுதியது, எப்படி மாறிப்போனது, கட்டைவிரல், அழித்தது, அவனை நீக்கும்போது வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம். நாற்பது வரி. அனுப்பிவிட்டுச் செருப்படிக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். நிஜமாகவே அதைத்தான் வேண்டினாள்.

வந்தவை கட்டைவிரல்கள். நாற்பத்தேழு. கும்பிடுகிற கைகள். "அக்கா, உங்க பெரிய மனசு யாருக்கு வரும்!" "தப்பை ஒத்துக்கறதுக்கும் ஒரு தைரியம் வேணும் அக்கா, சல்யூட்." நாற்பது வரியில் திரையில் தெரிவது மேலே ஆறு வரிதான், மீதியைப் படிக்கத் தட்ட வேண்டும். பாதிப் பேர் தட்டியிருக்க மாட்டார்கள். ஒருத்தர், "அக்கா உடம்பு சரியில்லையா? சீக்கிரம் குணமாகட்டும்" என்று எழுதியிருந்தார். பிறகு ஒருத்தருக்கு மகள் பிறந்தாள். வாழ்த்துகள் இறங்க ஆரம்பித்தன. பன்னிரண்டு நிமிஷத்தில் அவள் எழுதியது திரைக்கு மேலே போய்விட்டது. யாருக்காக எழுதினாளோ அவன் அந்த குரூப்பிலேயே இல்லை. குற்றத்தைச் சொல்லிப் பாராட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதைவிடக் கேவலம் வேறென்ன வேண்டும்?

விடுதிக்காரரிடம் நம்பர் வாங்கி அவனைக் கூப்பிட்டாள். நாலாவது மணியில் எடுத்தான்.

"தம்பி, நான்தான்..."

"தெரியுதுக்கா." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நல்லாயிருக்கீங்களா?"

அந்த விசாரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. குரூப்பில் எழுதியதையெல்லாம் திரும்பச் சொன்னாள். அழிச்சது நான்தான் என்றபோது அவன் குறுக்கே, "தெரியும்கா" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"நீங்க பதில் போட்டவுடனே திரையை போட்டோ புடிச்சு வெச்சுக்குவேன்கா. எப்பவுமே. அங்க அப்புறம் தேடினா எதுவும் கிடைக்காது இல்ல? என் கேள்வி, உங்க பதில், எல்லாம் என்கிட்ட இருக்கு. நன்றிக்கு நீங்க போட்ட கட்டைவிரல்கூட இருக்கு."

"ஆதாரம் காட்டுன்னு அத்தனை பேரு கேட்டாங்களே தம்பி? ஏன் காட்டலை?"

அவனுக்குப் பின்னால் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"நான் கேக்கறதுக்கு முன்னாடி தேடினேன்கா. பழைய மன்றத்தைத் திறந்து பார்த்தேன், வெள்ளையா ஒரு பக்கம்தான் வந்துச்சு. லாக்கைப் பத்தி அங்க ஏதோ பெருசா படிச்ச ஞாபகம். என்னன்னு சரியா நினைப்பு வரலை. அதான் உங்ககிட்ட கேட்டேன். நீங்க சொன்னதும், சரி, நான்தான் தப்பா ஞாபகம் வெச்சிருக்கேன்னு நெனைச்சுட்டேன்." மூச்சு விட்டான். "நீங்க அழிச்சதைப் பார்த்தேன். ஏதோ பதட்டத்துல அழிச்சிருப்பாங்க, அவங்களே வந்து சொல்லிடுவாங்கன்னு இருந்தேன். மன்றத்துல எத்தனை தடவை உங்க தப்பை நீங்களே கோடு போட்டுக் காட்டியிருக்கீங்க! நாலு நாள் பார்த்தேன்கா."

நாலு நாள். அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கணக்காகச் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் போனை வைக்காமல், அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.

அடுத்த வியாழக்கிழமை ஹோட்டலில் அவனுக்கு விசாரணை. லீவு போட்டுவிட்டு ஆறு மணி நேரம் ரயிலில் போனாள். ஹோட்டலின் பின்பக்கத்தில், துணி மூட்டைகள் இறங்குகிற வாசலை ஒட்டி ஒரு சின்ன ஆபீஸ். மேஜைக்குப் பின்னால் மேனேஜர். சுவரோரம் ஹோட்டல் தம்பி, தலையைப் படிய வாரி, ஒல்லியாக. எதிர் நாற்காலியில் ஆபரேட்டரம்மா. ஐம்பது வயது இருக்கும். வலது கை தோள்வரை மாவுக்கட்டு. இடது கையால் எக்ஸ்ரே கவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அது நழுவிக்கொண்டே இருந்தது.

அவள் நடந்ததைச் சொன்னாள். தம்பியின் போனில் இருந்த படத்தை மேனேஜர் அவள் முன்னால் நீட்டினார். "இது நீங்க எழுதினதா?"

"நான்தான்."

"ஏன் அழிச்சீங்க?"

ரயிலில் இதற்கொரு பதில் தயார் செய்திருந்தாள். வேறு யாரும் அதைப் பார்த்துத் தப்பாகச் செய்துவிடக் கூடாது என்று அழித்தேன், என்று. பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை, கேட்க நன்றாயிருக்கும். மாவுக்கட்டுக்கு முன்னால் அது வாயில் வரவில்லை.

"என் பேர் கெட்டுடும்னு அழிச்சேன் சார். இந்தத் தம்பி மாட்டிக்கிட்டாலும் பரவாயில்லைன்னு அந்த நேரத்துல இருந்துட்டேன்."

மேனேஜர் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னார். ரெண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். படித்துவிட்டு அவர், தம்பி திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்றார். மேலிடத்தில் கேட்காமல் லாக்கில் கை வைத்ததற்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. சிகிச்சையையும் கட்டு பிரிக்கிறவரை சம்பளத்தையும் ஹோட்டல் பார்த்துக்கொள்ளும். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். எல்லாம் முடிந்த மாதிரி இருந்தது.

ஆபரேட்டரம்மா எழுந்திருக்கவில்லை.

"நான் உங்க குரூப்புல எல்லாம் இல்லைம்மா. நீங்க ரெண்டு பேரும் என்ன எழுதிக்கிட்டீங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார். கோபம் இல்லாத குரல். "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். கதவு திறக்குதுன்னா உள்ள நின்னுடுச்சுன்னு அர்த்தம். பன்னெண்டு வருஷமா அப்படித்தான். அதனால நான் பார்க்காமலே கையை விட்டேன்."

"என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றாள் அவள்.

அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. நழுவுகிற கவரை மடியில் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"இந்தத் தம்பி உங்களுக்கு நன்றி சொல்லுச்சே, அப்ப 'எதுக்குப்பா நன்றி?'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா?"

"கேட்டிருக்கலாம்" என்றாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முயன்றாள், முடியவில்லை.